லாட்வியா பீட் மாஸ் மூட்டை: சரக்கு நன்று, மறுபடி வாங்க மாட்டேன்

மாடித் தோட்டத்தில் கத்தரி, குடைமிளகாய் நாற்று விட இறக்குமதி பீட் மாஸ் மூட்டை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். சதுப்பு நிலத்தில் முழுதும் மட்காமல் படிந்து கிடக்கும் பாசிதான் பீட் மாஸ். இது ஐரோப்பாவின் லாட்வியா நாட்டுச் சரக்கு. தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டைவிடப் பல மடங்கு விலை.

பொருளில் குறை சொல்ல முடியாது. கல் இல்லை, களைவிதை இல்லை. உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தால் ஸ்பாக்னம் பாசியின் மெல்லிய தண்டும் அதில் ஒட்டிய நுண்ணிய இலைகளும் இன்னும் தெரிகின்றன. குழித்தட்டில் முளைப்பும் சீராக இருந்தது. ஆனால் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காமல் மிதக்கிறது. வெந்நீர் தெளித்துப் பிசைய வேண்டும். அமிலத்தன்மை அதிகம் என்பதால் காய்கறி நாற்றுக்குச் சுண்ணாம்பு கலந்தே ஆகவேண்டும். இதைப் பற்றிப் பையில் ஒரு வரிகூட இல்லை.

அந்த இலை மட்காமல் கிடப்பதற்கும் அமிலம் ஒரு காரணம். சதுப்பில் நீர் தேங்கி நிற்பதால் காற்றும் புகுவதில்லை. ஜாடிக்குள் ஊறுகாய் கெடாமல் இருக்கும் கதைதான். இப்படிப் பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. சேர்கிறது, ஒரு மீட்டரை வெட்டினால் திரும்பச் சேர ஆயிரம் ஆண்டு. உலக நிலப்பரப்பில் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்களில், காடுகளின் மரங்கள் அத்தனையிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அடங்கியிருக்கிறது. (ஈரச் சதுப்பு மீத்தேனை வெளிவிடும்தான், நீண்ட காலக் கணக்கில் சேமிப்பே மிஞ்சும்.)

வெட்டுவதற்கு முன் வாய்க்கால் தோண்டி நீரை வடித்துவிடுகிறார்கள். காற்று புகுந்ததும் மட்கத் தொடங்கி, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. வெப்பமும் வறட்சியும் கூடினால் யாரும் கைவைக்காத சதுப்புக்கும் இதே கதி. தீப்பிடித்தாலோ மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனலும். 2015-இல் இந்தோனேசியாவில், செம்பனைக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் வடித்த நிலங்கள் எரிந்த புகை சிங்கப்பூரையே மூடியது. அதன்முன் தோட்டக்காரர்களின் மூட்டை சிறு பங்குதான். ஆனாலும் என் தட்டில் இருப்பதும் மட்கிக் காற்றில்தானே கலக்கப்போகிறது?

இதில் வேடிக்கை, பீட்டுக்கு மாற்றாக ஐரோப்பியப் பண்ணைகள் பொள்ளாச்சிக் கோகோபீட்டை வரவழைக்கின்றன. நாமோ அங்கிருந்து பீட்டை இறக்குகிறோம்! கோகோபீட்டில் உப்பு இருக்கும். கட்டியை ஊறவைத்து நன்றாக அலசினால் போதும். அதற்குத் தண்ணீர் செலவாகும், மறுக்கவில்லை. மண்புழு உரம் சேர்த்தால் நாற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

பூச்சியுண்ணும் செடி வளர்ப்பவர்களுக்குப் பீட் தேவைப்படலாம். சிறிய பையாக வாங்குங்கள். தரத்துக்கு நான்கு நட்சத்திரம், விலைக்கு இரண்டு.