ஹாஷெக், பிரைஸ், ட்ரைடன்: அவர் நிற்காத நாளில் அணி என்ன செய்தது?

போன ஓகஸ்டில் அக்கா குடும்பம் ஸ்காபறோவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்களோடு மூன்று கிழமை நின்றது. மருமகனுக்குப் பதினான்கு வயது. அங்கே ஐஸ் ஹொக்கியில் கோல்காப்பாளனாக நிற்கிறவன். மழை பெய்து கடற்கரைப் பக்கம் போக முடியாத ஒரு பின்னேரம் அவன்தான் இதைத் தொடக்கினான். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஒரு கோல்காப்பாளர் நின்ற மிகச் சிறந்த பருவகாலம் எது? ஆளுக்கு ஒரு கோல்காப்பாளர், அதிலும் அவருடைய ஒரே ஒரு பருவகாலம். சி.ஆர். கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தால் பிறகு மாற்ற ஏலாது.

அவன் எழுதியது மொன்றியல் அணியின் கேரி பிரைஸ், 2014-15. அத்தான் எழுதியது அதே அணியின் கென் ட்ரைடன், 1976-77. அத்தான் எண்பதுகளில் முதலில் போய் இறங்கியது மொன்றியலில். ட்ரைடன் 1979-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வேலைத்தளத்தில் கூட நின்றவர்கள் ஓயாமல் அவரைப் பற்றிக் கதைத்ததில் அவர் அத்தானுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். நான் எழுதியது டொமினிக் ஹாஷெக், 1998-99, பஃபலோ சேபர்ஸ். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஐஸ் மேல் கால் வைத்ததே இல்லை. குளிர்காலத்தில் ரொறன்ரோவின் இரவு ஏழு மணி ஆட்டம் கொழும்பில் விடிய ஐந்தரைக்கு வரும். அதைப் பார்த்துவிட்டுக் கந்தோருக்குப் போகிற பழக்கம் சில வருடங்களாக இருக்கிறது. ஹாஷெக்கையும் அவருக்கு முந்தியவர்களையும் வீடியோவில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒருவர் நின்ற விதத்தின் அழகை வைத்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

மிகப் பழைய எண்களை விரைவாகக் கடந்து விடலாம். ஜோர்ஜ் ஹெயின்ஸ்வேர்த் 1928-29-இல் 44 ஆட்டங்களில் 22-ஐ ஒரு கோலும் விடாமல் முடித்தார். பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் அந்த நாளில் எதிரணியின் கோல் பக்கத்து வலயத்துக்குள் பக்கை, அதாவது அடித்து ஆடும் ரப்பர் வட்டை, முன்னோக்கிக் கொடுக்க விதி இடம் கொடுக்கவில்லை. அடுத்த பருவகாலத்தில் அந்த விதி மாறியதும் கோல்கள் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின. டெட்ரோயிட்டின் டெரி சோசக் 1952-இல், பருவகாலம் முடிந்து கிண்ணத்துக்காக ஆடுகிற இறுதிக் கட்டத்தின் எட்டு ஆட்டங்களையும் வென்று, மொத்தமாக ஐந்து கோல்தான் விட்டார். முகமூடி இல்லாத காலத்தில் செய்தது அது. அவருக்கு முன்னால் கை தானாகக் கூப்பும். ஆனால் பருவகாலத்தின் 70 ஆட்டங்களிலும் அவரே நின்றதால், நான் கேட்கப் போகிற கேள்விக்கு அந்த வருடத்தில் பதில் இல்லை.

அந்தக் கேள்வி இதுதான். அவர் நிற்காத நாட்களில் அதே அணி என்ன செய்தது?

முரளி பந்து போடாத ஒரு டெஸ்டை எஸ்.எஸ்.சி.யில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐஸ் ஹொக்கியில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். ஏனென்றால் வெற்றி தோல்வியைக் கோல்காப்பாளரின் பெயருக்கே எழுதி வைக்கிறார்கள். அணியின் மொத்தக் கணக்கிலிருந்து இவருடையதைக் கழித்தால், மாற்றாக நின்றவர்களின் கணக்கு மிஞ்சும். ஆட்டத்துக்கு விட்ட கோல்களின் சராசரியை நான் நம்பாததற்குக் காரணமும் இதுதான். முன்னால் நிற்கிற தடுப்பாளர்கள் நல்லவர்களாக இருந்தால் அந்தச் சராசரி தானாகவே இறங்கிவிடும். கோல்காப்பாளருக்கான வெசினா கிண்ணத்தைக்கூட 1981 வரை குறைந்த கோல் விட்ட அணியின் கோல்காப்பாளருக்குத்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அணி முகாமையாளர்களின் வாக்குக்கு வந்தது.

முதலில் அத்தானின் ஆளைக் கழித்துப் பார்த்தோம். 1976-77-இல் மொன்றியல் 80 ஆட்டங்களில் 60 வெற்றி, 8 தோல்வி, 12 சமநிலை. அப்படி ஓர் அணி மிக அபூர்வம். ட்ரைடன் நின்றபோது 41 வெற்றி, 6 தோல்வி, 8 சமநிலை. மாற்றுக் கோல்காப்பாளர் மிஷேல் லாரொக் நின்றபோது 19 வெற்றி, 2 தோல்வி, 4 சமநிலை. லாரொக்கின் விகிதம் ட்ரைடனுடையதை விடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அத்தான் கால்குலேட்டரை வாங்கித் தானே இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். ட்ரைடன் பெரிய கோல்காப்பாளர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லாஃப்லரும் ரொபின்சனும் முன்னால் விளையாடிய அந்த அணியில் எவ்வளவு அவருடையது என்று பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

பிலடெல்ஃபியாவின் பேர்னி பேரன்ட், 1973-74, எனக்கு உண்மையில் பயம் காட்டிய பெயர். 73 ஆட்டங்கள், 47 வெற்றி, கோலே விடாதவை 12, கடைசியில் லீக்கின் சம்பியன் அணிக்கான ஸ்டான்லி கிண்ணமும். ஆனால் மாற்றாள் பெயரில் மிஞ்சுவது 3 வெற்றி, 3 தோல்வி. ஆறு ஆட்டங்களை வைத்து எதையும் சொல்ல முடியாது. போதாததற்கு, லீக் 16 அணிகளாக விரிந்து, போட்டிக்கு வந்த இன்னொரு லீக் நல்ல ஆட்களை இழுத்துக்கொண்டு போன வருடங்கள் அவை. யாராவது பேரன்ட்டை எழுதியிருந்தால் நான் பெரிதாக எதிர்த்திருக்க மாட்டேன்.

இனி ஹாஷெக். 1998-99-இல் பஃபலோ 37 வெற்றி, 28 தோல்வி, 17 சமநிலை. கிழக்குப் பிரிவில் ஏழாவது இடம். அணியில் மிரோஸ்லாவ் ஷட்டான் ஒருவர்தான் 40 கோல் தொட்டவர், அவருக்கு அடுத்தவருக்கு 27. தொடையிடுக்குத் தசைப் பிடிப்பால் ஹாஷெக் இடையில் சில கிழமைகள் வெளியே இருந்தார். அவர் பெயரில் 30 வெற்றி, 18 தோல்வி, 14 சமநிலை. அதைக் கழித்தால் மற்றவர்களுக்கு 7 வெற்றி, 10 தோல்வி, 3 சமநிலை. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்று 82 ஆட்டங்களுக்கு விரித்தால் அவரோடு 98 புள்ளி வேகம், அவர் இல்லாமல் 70. அந்தக் காலத்தில் 98 எடுத்த அணி நிம்மதியாக அடுத்த கட்டத்துக்குப் போகும். 70 எடுத்த அணி ஏப்ரலில் வீட்டில் இருக்கும்.

இதைச் சொல்லி முடிக்கும் முன்பே மருமகன் பிரைஸின் கணக்கைப் போட்டுவிட்டான். மொன்றியல் 50 வெற்றி, 22 தோல்வி, வழமையான நேரத்துக்குப் பிறகு தோற்றவை 10. பிரைஸுக்கு 44, 16, 6. மற்றவர்களுக்கு 6, 6, 4. "மாமா, இதில நான்தான் மேல" என்றான். உண்மைதான், இந்தக் கழித்தலில் பிரைஸ் ஒரு படி மேலேதான் நிற்கிறார். அதோடு அடுத்த வருடம் பிரைஸ் 12 ஆட்டங்களோடு காயப்பட்டுப் போக, நன்றாகத் தொடங்கிய மொன்றியல் சரிந்து இறுதிக் கட்டத்துக்கே வராமல் போனது. ஒரு கோல்காப்பாளரின் பெறுமதிக்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படியானால் நான் ஏன் கொப்பியில் வெட்டி எழுதக் கேட்கவில்லை?

காரணம், கோலை நோக்கி எதிரணி அடித்த நூறு அடிக்கு எத்தனை உள்ளே போனது என்ற கணக்கு. 2014-15-இல் சராசரிக் கோல்காப்பாளர் நூறு அடிக்கு ஏறக்குறைய எட்டரை கோல் விட்டார், பிரைஸ் 6.7 விட்டார். 1998-99-இல் சராசரி 9.2, ஹாஷெக் விட்டது 6.3. தன் காலத்தவர்களை விட ஹாஷெக் நூறுக்கு ஏறக்குறைய மூன்று கோல் குறைவாக விட்டிருக்கிறார், பிரைஸ் இரண்டுக்குச் சற்றுக் குறைய. ஒரு ஆட்டத்தில் முப்பது அடி வாங்குகிறவருக்கு ஹாஷெக்கின் அந்த மூன்று, ஆட்டத்துக்கு ஒரு கோலை நெருங்குகிற வித்தியாசம். மாற்றாள் நின்ற பதினாறு ஆட்டங்களில் அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடமிருக்கிறது. பருவகாலம் முழுதும் வாங்கிய அடிகளில் அவ்வளவு இடமில்லை.

இன்னொன்று, இறுதிக் கட்டம். பிரைஸின் மொன்றியல் இரண்டாம் சுற்றில் தம்பா பே அணியிடம் முடிந்தது. ஹாஷெக்கின் ஏழாவது இடத்து அணி ஒட்டாவாவையும் பொஸ்டனையும் தாண்டி, ரொறன்ரோவுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஹாஷெக் காயத்தோடு வெளியே. மாற்றாள் டுவெயின் ரோலசன் நின்று ஒன்று வெற்றி, ஒன்று தோல்வி. ஹாஷெக் திரும்பி வந்ததும் தொடர்ந்து மூன்று வெற்றி, தொடர் முடிந்தது. ரொறன்ரோவில் பிறந்த பையனுக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அவனுக்கு முதலே தெரிந்திருந்தது. கிண்ணத்துக்கான இறுதித் தொடரில் டலஸிடம் ஆறாவது ஆட்டத்தில், மூன்றாவது மேலதிக நேரத்தில் பிரெட் ஹல் அடித்த கோலோடு எல்லாம் போனது. ஹல்லின் கால் கோல்வாசல் வலயத்துக்குள் இருந்ததா, அது செல்லுமா என்று பஃபலோக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். அந்த விதியின் நுணுக்கத்துக்குள் போக எனக்குத் தகுதி இல்லை.

ஹாஷெக்கின் வருடங்களுக்குள்ளேயே எது என்று கேட்டால்தான் எனக்குத் தடுமாற்றம். 1997-98-இல் 72 ஆட்டங்கள் நின்றார், 13-இல் ஒரு கோலும் விடவில்லை, லீக்கின் மிகப் பெறுமதியான ஆட்டக்காரருக்கான ஹார்ட் கிண்ணத்தை இரண்டாம் தரம் வாங்கினார். நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து தனி அடிகளையும் தடுத்து, இறுதியில் ரஷ்யாவை ஒன்றுக்குப் பூச்சியமாக மடக்கியதும் அந்தக் குளிர்காலத்தில்தான். மட்டையைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையால் பக்கைப் பொத்திப் பிடிக்கிற அந்த ஆளை நினைத்தால் மனம் அந்த வருடத்துக்குத்தான் ஓடும். ஆனால் அந்த வருடத்தில் கழித்தால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது 3 வெற்றி, 6 தோல்வி, 4 சமநிலை, வெறும் பதின்மூன்று ஆட்டம். 98-99-இல் இருபது இருக்கிறது, நூறு அடிக்கு விட்ட கோலும் இன்னும் குறைவு. கொப்பியில் 97 என்று எழுதத் தொடங்கிய பேனையை நிறுத்தி, 98 என்று திருத்திவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.