அரசு மருத்துவமனை நாய்க்கடி ஊசி: மருந்துக்கு முழு மார்க், விளக்கத்துக்குப் பாதிதான்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் நாய்க்கடி ஊசி அறைக்கு 5-க்கு 3.5 கொடுப்பேன். அம்மாவின் கெண்டைக்காலில் தெருநாய் கடித்து ரத்தம் வந்துவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவினோம். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் டிடி ஊசி மட்டும் போட்டுவிட்டு, "மத்ததெல்லாம் ஜிஎச்ல போட்டுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு மார்க்கே கிடையாது.

ஜிஎச்சில் காயத்தைப் பார்த்ததுமே மூன்றாம் வகைக் கடி, அதாவது ரத்தம் வரும் அளவுக்கு ஆழமான கடி, என்று சீட்டில் எழுதி, அம்மாவை எடை பார்க்கச் சொன்னார்கள். இம்யூனோகுளோபுலின் என்பது வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்புரத மருந்து, தடுப்பூசி வேறு. அதன் அளவு எடையை வைத்துத்தான்: குதிரையிலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் 20. இடுப்பில் குத்திவிட்டு அனுப்பும் இடங்களும் உண்டு. இங்கே சிஸ்டர் ஒவ்வொரு பல் பதிந்த இடமாக, காயத்தின் ஓரத்திலேயே ஊசியை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைச் செலுத்தினார். அம்மா கத்தியதில் வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆனாலும் சிஸ்டர் ஒரு காயத்தையும் விடவில்லை. அந்த 3.5-இல் பெரும்பங்கு அவருக்குத்தான்.

காயத்திலேயே போட்டால்தான் முழுப் பயன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் செல் உயிரியல் படித்தவள், அதனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரேபிஸ் வைரஸ் தசையில் இருக்கும்போதே எதிர்ப்புரதம் அதைப் பிடித்துவிட வேண்டும். நரம்பு முனைக்குள் ஏறிவிட்டால், நரம்பு இழைக்குள் சரக்கு கொண்டுபோகும் ஏற்பாட்டிலேயே தொற்றிக்கொண்டு மூளைப் பக்கம் நகரும், அங்கே எதிர்ப்புரதத்துக்கு எட்டுவது கஷ்டம். சரி, நரம்பு செல்லுக்கே தற்காப்பு கிடையாதா? உண்டு, அதுதான் ஆட்டோஃபேஜி. பழுதான பாகங்களையும் உள்ளே புகுந்த கிருமியையும் ஒரு பைக்குள் சுருட்டி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு இணைத்து, செரித்துவிடும் வேலை. இதன் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காகத்தான் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. ரேபிஸ் வைரஸ் இதை நிறுத்துவதில்லை, தொடங்கிவைத்துவிட்டு முடிக்கவிடாமல் செய்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு வகை செல்களில் வைரஸைவிட்டுப் பார்த்தால் பைகள் ஏராளமாக உருவாகின்றன, ஆனால் லைசோசோமோடு சேராமல் அப்படியே தேங்கிவிடுகின்றன. குப்பை வண்டி தெருத்தெருவாக ஏற்றிக்கொண்டு கிடங்குக்குப் போகாமல் முக்கிலேயே நிற்கிற மாதிரி. வைரஸிடம் இருப்பதே ஐந்து புரதங்கள், அவற்றில் 'பி' என்கிற ஒன்று ஆட்டோஃபேஜியைத் தொடங்கிவைக்கும் செல்லின் பெக்லின்-1 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இந்த வேலையைக் கிளப்பிவிடுகிறது. இந்த அரைகுறை நிலை வைரஸ் பெருகுவதற்குத்தான் வசதி. இவ்வளவு நடந்தும் நரம்பு செல்கள் பெரிய அளவில் சாவதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். மூளைத் திசுவில் தெரிகிற சேதத்தைவிட நோயின் கொடுமை எத்தனையோ மடங்கு அதிகம். அறிகுறி வந்த பிறகு காப்பாற்றும் மருந்து எதுவும் நம்மிடம் இல்லை.

இதில் ஒரு வரியாவது அந்த அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கலாம். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் "நாய் நல்லாத்தானே சுத்துது, அடுத்த ஊசி எதுக்கு?" என்று கேட்டார். "சீட்டுல தேதி போட்டிருக்கு பாருங்க" என்பதுதான் பதில். 7-ஆம் நாள் ஊசிக்கும் 28-ஆம் நாள் ஊசிக்கும் நடுவே மூன்று வாரம் இடைவெளி, காயம் ஆறிவிடும், இப்படிப் பதில் சொன்னால் அவர் எங்கே திரும்பி வரப்போகிறார்?

இன்னொரு குறை, காத்திருப்பு. தடுப்பூசி தோலுக்குள் போடுகிற ஊசி என்பதால் கைக்கு 0.1 மில்லிதான், ஒரு குப்பி பல பேருக்கு வரும், திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால் "இன்னும் ரெண்டு பேர் வரட்டும்மா" என்று உட்காரவைத்துவிடுகிறார்கள். மருந்து வீணாகக் கூடாது என்பது நியாயம்தான், அதற்காகக் காலில் கட்டோடு வந்தவர்களுக்கு ஒரு பெஞ்சுகூடப் போடாதது நியாயமில்லை.

போகிறவர்களுக்கு: ஊசி, மருந்து எல்லாம் இலவசம், யாரும் பத்து ரூபாய்கூடக் கேட்கவில்லை. காலையிலேயே போய்விடுங்கள், அப்போதுதான் கூட்டம் சேர்ந்து குப்பி சீக்கிரம் திறப்பார்கள். 0, 3, 7, 28 என்று தேதி போட்ட சீட்டை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தொலைத்துவிட்டால் மறுபடியும் ஓபி வரிசையில் நிற்க வேண்டும். அப்புறம், இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே மாவட்ட மருத்துவமனைக்கு வண்டி ஏறிவிடுவது நல்லது.