ஷாம்பேன் பிரபுக்களின் புரோவேன்: பாரிசிலிருந்து ஒரு நாள் சுற்றுலா

பாரிசுக்குத் தென்கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புரோவேன் நகரத்துக்கு, ஷாம்பேன் பிரபுக்களின் வரலாற்றைச் சொல்வதாக விளம்பரம் செய்து ஒரு பயண நிறுவனம் ஒரு நாள் சுற்றுலா நடத்துகிறது. இன்று ஷாம்பேன் என்றதும் மதுதான் நினைவுக்கு வரும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அந்தச் சீமைக்குப் பேர் வாங்கித் தந்தவை அதன் சந்தைகள். அந்த வரலாற்றை நெடுங்காலமாக விரும்பிப் படித்து வருபவன் என்பதால் ஆவலோடு சேர்ந்தேன். பேருந்து வசதியாக இருந்தது; நேரமும் தவறவில்லை. வரலாற்றைச் சொன்ன விதத்தில்தான் எனக்குப் பெரும் மனக்குறை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டுத் தானியக் கூடத்துக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். தூண்கள் தாங்கும் வளைவுக் கூரையின் கீழ், துணி வியாபாரி, நாணயம் மாற்றுபவர் என அக்காலத்து மனிதர்களை மெழுகு உருவங்களாக நிறுத்தியிருக்கிறார்கள். கோயில் குருமாருக்குச் சொந்தமான இக்கட்டடம், சந்தை நாட்களில் துலூஸ் வணிகர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது என்பதையும், சந்தைகள் நலிந்த பிறகே தானியம் சேர்க்கும் இடமானது என்பதையும் வழிகாட்டி தெளிவாக விளக்கினார்.

ஆனால் அந்த வணிகர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் இங்கே வந்தார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை. லான்யி, பார்-சுர்-ஓப், புரோவேன், த்ருவா ஆகிய 4 ஊர்களில் ஆண்டுக்கு 6 சந்தைகள் மாறி மாறி நடந்தன. அவற்றுக்கு வருபவர்களின் உயிருக்கும் பொருளுக்கும் பிரபு பொறுப்பேற்றார். ஏழாம் லூயி மன்னர் சிலுவைப் போருக்குப் போயிருந்த சமயம், புரோவேன் சந்தைக்கு வந்துகொண்டிருந்த வெஸ்லே ஊர் நாணய மாற்றுக்காரர்களை அரசரின் சாலையில் ஒருவன் கொள்ளையடித்தான். இதைப் பொறுத்துக்கொண்டால் என் சந்தைகளே அழிந்துவிடும் என்று, அரசரின் இடத்தில் ஆட்சியைப் பார்த்துவந்த மடாதிபதி சுழேருக்குப் பிரபு இரண்டாம் திபோ கடிதம் எழுதினார். அந்தப் பாதுகாப்பினால் வளர்ந்த செல்வாக்கு எத்தகையது என்றால், புரோவேன் வெள்ளிக்காசைப் பார்த்து ரோம் நகரமே தன் காசை அடித்தது. இந்த இரண்டு செய்திகளைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பதிலாக, சிலுவைப் போரிலிருந்து ரோஜாச் செடி வந்த கதைக்கு அரை மணி நேரம் போயிற்று. அது அழகான கதை என்றாலும் கதைதான்.

கையில் கொடுத்த வம்சாவளித் தாளில் இருந்த பிழை இன்னும் மோசம். பிளுவா சீமையில் நான்காம் திபோ என்று எண்ணப்பட்டவரே ஷாம்பேனில் இரண்டாம் திபோ. அவர் 1152இல் இறந்தார். ஷாம்பேனின் நான்காம் திபோ 1201இல் பிறந்து, 1234இல் நவார் நாட்டுக்கும் அரசரான கவிஞர். தாள் இருவரையும் ஒருவராக்கி, நடுவே இரண்டு தலைமுறைகளை விழுங்கிவிட்டது.

அப்படி விழுங்கப்பட்டவர்களில் கவிஞரின் தாய் பிளான்ஷும் ஒருவர். கணவர் இறந்தபோது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிறந்த மகனுக்காக 1222 வரை ஆட்சியைத் தாங்கினார். கணவரின் அண்ணன் இரண்டாம் ஹென்றி சிலுவைப் போருக்குச் சென்று, 1197இல் ஆக்கர் நகரில் சன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். அவருடைய மகள் பிலிப்பாவை மணந்த ஏரார் சீமைக்கு உரிமை கோரிப் போர் தொடுத்தபோதும் பிளான்ஷ் பணியவில்லை. 1218இல் அவருடைய படை, எதிரணியில் நின்ற லொரேன் பிரபுவின் நான்சி நகருக்கே தீ வைத்தது. புரோவேனில் நின்றுகொண்டு இவர் பெயரைச் சொல்லாமல் திரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஊருக்கு அவசியம் போங்கள். பாரிசின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நேரே புரோவேனில் இறங்கலாம். முக்கிய இடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடைக்கும். சீசர் கோபுரத்தை முதலில் பாருங்கள்: கீழே சதுரமாகவும் மேலே எண்கோணமாகவும் எழும் அந்தக் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, மதில்சுவரும் அதற்கு அப்பால் வயல்வெளியும் முழுதாகத் தெரியும். படிக்கட்டு மிகக் குறுகலானது. முழங்கால் வலி உள்ளவர்கள் தானியக் கூடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.