பச்சிளம் மூளையைக் காக்க எதை நம்பலாம்: எலியா, ஆடா, ஆர்கனாய்டா?

மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். அப்போது மூளைக்குள் என்ன கெடுகிறது, மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா? சிசுவின் மூளையைத் திறந்து பார்க்க வழியில்லை, அதனால் எதையாவது பதிலுக்கு வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எலிதான் இதில் மூத்தது. ஏழு நாள் குட்டியின் கழுத்துத் தமனி ஒன்றைக் கட்டிவிட்டு, 8 சதவீத ஆக்சிஜனில் வைக்கும் முறை 1981 முதல் புழக்கத்தில் இருக்கிறது. செலவு குறைவு. குட்டி வளர்ந்தபின் ஒழுங்காக நடக்கிறதா, கற்கிறதா என்றும் பார்த்துவிடலாம். ஆனால் எலியின் மூளையில் மடிப்பே கிடையாது; மனித மூளையின் வெளி அடுக்கான புறணியைப் பெரிதாக்கும் வெளி ரேடியல் கிளியா செல்களும் அதில் சொற்பம்.

மனித ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் குட்டி மூளைத் திசுவான ஆர்கனாய்டு இந்த இடத்தில்தான் முந்துகிறது. 2013இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் இதை வளர்த்துக் காட்டினார்கள். ஸ்டெம் செல் (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடியது) உருண்டையை மாட்ரிஜெல் என்ற கூழ்மத் துளிக்குள் பொதிந்து, சுழலும் குடுவையில் விட்டால் சில மில்லிமீட்டர் மூளைத் திசு உருவாகிறது. (மாட்ரிஜெல் எலிப் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது. எலியை விட்டுத் தப்புவது அவ்வளவு சுலபமில்லை.) தலை சிறுத்துப் பிறக்கும் நோய் உள்ள ஒருவரின் தோல் செல்லிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டும் சிறுத்தே வளர்ந்தது. அதே மரபணு கெட்ட எலிகளில் அந்த அளவு பாதிப்பு தெரிந்ததில்லை.

மூளையைக் காப்பது என்று வந்தால் எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஷ்கா குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு. ஆர்கனாய்டுகளை 1 சதவீதத்துக்கும் குறைவான ஆக்சிஜனில் வைத்தார்கள். அடி எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி விழவில்லை. நியூரான்களைப் பெற்றுத் தரும் இடைநிலை முன்னோடிச் செல்கள்தான் குறிப்பாகக் குறைந்தன. செல்லின் நெருக்கடி எதிர்வினையை அடக்கும் ஐஎஸ்ஆர்ஐபி என்ற மூலக்கூறு அவற்றைக் காத்தது. எந்தச் செல், எந்த வழியாக என்று இவ்வளவு துல்லியமாக, அதுவும் மனிதச் செல்லிலேயே சொன்னது பெரிய விஷயம்.

சரி, அப்படியானால் எலியை ஓரங்கட்டிவிடலாமா? முடியாது. ஆர்கனாய்டில் ரத்தக் குழாய் இல்லை. கொஞ்சம் பெரிதானதும் அதன் நடுப்பகுதி ஆக்சிஜன் எட்டாமல் தானாகவே சாகிறது. ஆக்சிஜன் குறைவைப் படிக்க வந்த மாதிரிக்கு இதைவிடச் சங்கடமான குறை இருக்க முடியுமா? மைக்ரோகிளியா என்ற காவல் செல்களும் வழக்கமான ஆர்கனாய்டில் கிடையாது, அதனால் அழற்சியின் பங்கு கண்ணுக்கே படாது. எலி மூளைக்குள் நட்டால் ரத்த ஓட்டம் கிடைக்கிறது. பாஷ்கா குழு 2022இல் அதையும் செய்தது. ஆனால் அப்போது திரும்ப எலியிடம்தான் வந்து நிற்கிறோம்.

மூன்றாவது ஆடு. உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சைக்கு வழி காட்டியது செம்மறியாட்டுக் கரு: 1997, ஆக்லாந்து, அலிஸ்டர் கன் குழு. இதயமும் ரத்த ஓட்டமும் சேர்ந்த முழு உடல் இல்லாமல் அது வந்திருக்காது. ஆனால் ஆடு சொன்னதும் எல்லா ஊருக்கும் பொருந்தவில்லை. மாதம் நிறைந்து பிறந்து மூச்சுத்திணறிய குழந்தைகளிடம் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளியானபோது, குளிர்வித்தவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தனர்.

நான்காவதாக, தானமாகக் கிடைத்த கருமூளை. சென்னை ஐஐடி 2024இல் வெளியிட்ட தரணி என்ற மூளைப் படத் தொகுப்பில் 14 முதல் 24 வாரக் கரு வரையிலான ஐந்து மூளைகளின் 5,132 சீவல்கள் இருக்கின்றன. உறைந்த திசுவில் மருந்தைச் சோதிக்க முடியாது. ஆனால் ஆர்கனாய்டு வளர்ந்த விதம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அசல் அதுதான்.

என்னைக் கேட்டால், எந்தச் செல்லைக் காப்பது என்று தேடும்போது ஆர்கனாய்டில் தொடங்குவேன், எலிக்கு அங்கே இரண்டாம் இடம்தான். எவ்வளவு மருந்து, எப்போது, மூச்சும் ரத்த அழுத்தமும் தாங்குமா என்ற கேள்விகளுக்கு ஆட்டைத் தாண்டிப் போக இன்னும் வழியில்லை.