நெஞ்செரிச்சல்: மாத்திரையா, வீட்டு வைத்தியமா?

நெஞ்செரிச்சலுக்குப் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரை, இரைப்பையில் அமிலம் சுரப்பதையே குறைக்கிறது. உணவுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டிய அதன் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். உணவுக்குழாயில் புண் இருந்தால் அதை ஆற்றும் வலிமை அதற்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையக்கூடும்.

வீட்டு வைத்தியத்தில் சீரகத் தண்ணீர் இதமளிக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த பால் சிறிது நேரம் எரிச்சலை அடக்கினாலும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டுகிறது. பலரும் நம்பும் புதினாவோ உணவுக்குழாயின் அடிவாய்த் தசையைத் தளர்த்திச் சிலருக்குத் தொல்லையைக் கூட்டுகிறது. என் மதிப்பீட்டில், கஷாயங்களைவிடப் படுக்கும் முறையே பெரிய மருந்து: இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 செ.மீ. உயர்த்துவதும் (தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தமே கூடும்), இடப்பக்கமாகச் சாய்ந்து உறங்குவதும் அமிலம் மேலேறுவதைக் குறைக்கின்றன.

எப்போதாவது எரிச்சல் வருபவருக்கு இவையே பெரும்பாலும் போதும். வாரத்தில் பல நாள் வருபவர் மருத்துவரைக் கேட்டு மாத்திரையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. விழுங்குவதில் சிரமம், கறுப்பு மலம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை தென்பட்டால் எந்த வைத்தியத்தையும் சோதித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.