மரம் வெட்டும் தொழிலுக்கு ஆன்லைன் விளம்பரமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஒரு விளம்பர நிறுவனத்துக்கு நான் கட்டிய 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திரும்பி வரும் என்று நேற்று வரை நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று மாலை வந்த பதிலோடு அந்த நம்பிக்கையும் போய்விட்டது. நம் ஆட்களில் இன்னொருவர் இதே வலையில் விழக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தரை வீடுகளில் கிளை கழிப்பது, மரம் அகற்றுவது, தோட்டப் பராமரிப்பு இதெல்லாம் என் தொழில். சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு வீட்டில் வேலை நடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நம்பர் கேட்பார். அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கூடுதல் வேலை பிடித்துத் தருகிறோம் என்று ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் கூப்பிட்டது.

பேச வந்தவர் தமிழ்ப் பையன். என் பழைய வேலைப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். தன் அப்பாவும் புல் வெட்டும் வேலை பார்த்தவர் என்றார். "சுமத்ரா காத்து அடிச்ச மறுநாள் ஜனங்க தேடுவாங்கண்ணே, அப்ப உங்க பேருதான் முதல்ல வரணும்" என்றார். தொழில் தெரிந்த பேச்சு. அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. மாதம் 20 அழைப்பு வரும், அதுவும் "உங்களுக்கு மட்டும்" என்றார். ஆறு மாதக் கட்டணம் 3,800 வெள்ளியை அங்கேயே பேநவ் (வங்கிப் பணப் பரிமாற்றம்) வழியாக அனுப்பினேன்.

வந்த அழைப்புகளைக் கேளுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஜன்னலோரத் தொட்டிச் செடிக்கு ஒருவர். புளோக்குக்குக் கீழே நிற்கும் மரத்தைக் கழிக்கச் சொல்லி இன்னொருவர். அது நகர மன்றத்தின் வேலை, நான் தொடவே முடியாது. உருப்படியாக ஒரு மாமர வேலை வந்தது. அந்த அம்மா, "காலையிலேருந்து உங்களைச் சேர்த்து அஞ்சு பேர் கூப்பிட்டுட்டாங்களே" என்றார். ஒரே விசாரணையை அஞ்சு பேருக்கு விற்றிருக்கிறார்கள்!

இதைவிட மோசம், என் பெயரில் அவர்கள் போட்ட விளம்பரம். படத்தில் மேப்பிள் மரம். சிங்கப்பூரில் மேப்பிளுக்கு எங்கே போவது? கீழே, "எந்த மரமும் ஒரே நாளில், பெர்மிட் தேவையில்லை". புக்கிட் தீமா, தங்லின், சாங்கி பக்கத்து மரப் பாதுகாப்புப் பகுதிகளில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அபராதம் 50,000 வெள்ளி வரை போகும். அந்த விளம்பரத்தை நம்பி புக்கிட் தீமாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டே விட்டார். மாட்டினால் யார் மாட்டுவது? நான்தானே!

கேட்டபோது முதலில் "டீம் பார்த்துட்டு இருக்காங்கண்ணே". அப்புறம் கூகல் ஏதோ மாற்றிவிட்டதாம், மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம். பிறகு அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டதாக இன்னொரு பெண் சொன்னார். கடைசியாக வந்த மின்னஞ்சல்: 20 என்பது இலக்குதான், உத்தரவாதம் இல்லை, கட்டணம் திருப்பித் தரப்படாது. 3,800 வெள்ளிக்கு மூன்று வரிப் பதில். சங்கிலி ரம்பத்தோடு மரத்தில் தொங்கி என் ஆட்கள் சம்பாதித்த காசு அது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள், மாதாமாதம் கொடுங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். கூகலில் தொழில் விவரப் பக்கம் இலவசம், முதலில் அதைச் செய்யுங்கள். வாயால் சொல்லும் எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையான வழக்குகளை எடுக்கும், நான் அங்கே போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.