‘ஃபுல் சர்வீஸ்’ என்று பில் போட்டு, எண்ணெய் மட்டும் விட்டுக் கொடுத்தார்கள்

மெக்கானிக்கல் வாட்ச் கட்டுபவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.

என் ஆட்டோமேட்டிக் வாட்ச் பல வருடங்களாக மழை, வேர்வை, சுவரில் இடித்த இடி என்று எல்லாவற்றையும் தாங்கியது. நேரம் பின்தங்க ஆரம்பித்ததும் ஒரு கடையில் கொடுத்தேன். எல்லாப் பாகத்தையும் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை மாற்றியதாக பில்லிலேயே எழுதித் தந்தார்கள். சில வாரத்தில் அது தாறுமாறாக முந்தியது. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி வேறு. திரும்பக் கொண்டுபோனால், “பழைய வாட்ச், இனி இப்படித்தான்” என்று கையை விரித்துவிட்டார்கள்.

வேறொரு மெக்கானிக் என் கண்ணெதிரே பின்மூடியைத் திறந்து, லென்ஸை என் கையில் கொடுத்தார். சக்கர அச்சுகளின் முனைகளைத் தாங்கும் சின்னக் கற்களைச் சுற்றிப் பழைய எண்ணெய் பழுப்புப் பிசினாகக் காய்ந்து கிடந்தது. அதன் மேலேயே புது எண்ணெயை வழிய வழிய விட்டிருந்தார்கள். பிரித்துக் கழுவியிருந்தால் அந்தப் பிசின் எப்படி இருக்கும்? வழிந்த எண்ணெய், வாட்சின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்களை ஒட்டவைத்திருந்தது. ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகும், அதனால்தான் வாட்ச் முந்தியது. பின்மூடி வளையமும் பழையதேதான், நசுங்கி வெடித்துப்போய்.

இதை லேசாக விட முடியாது. மணிக்கு 28,800 துடிப்புள்ள வாட்ச் ஒரு நாளில் 6,91,200 முறை துடிக்கிறது. கீழே விழுந்தால் தாங்க ஷாக் ஸ்பிரிங் இருக்கிறது. தேய்மானத்துக்கு நல்ல எண்ணெய்தான் முக்கியக் காவல். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சு முனைகள் தேய்ந்துபோகும்.

அதனால் வாட்சைக் கொடுக்கும்போதே, கழற்றிய ரப்பர் வளையங்கள் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டைம்கிராஃபர் (வாட்சின் துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) காட்டும் அளவை சர்வீஸுக்கு முன்னும் பின்னும் கேளுங்கள். எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்பதை மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள். அழுக்கு எண்ணெய் உள்ளேயே இருக்க, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தள்ளி அதைச் சரிசெய்துவிடலாம். ஆம்ப்ளிட்யூடை, அதாவது உள்ளே ஆடும் பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுகிறது என்பதைப் பாருங்கள்: முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தால், நன்றாக சர்வீஸ் ஆன பெரும்பாலான வாட்ச்கள் 270 டிகிரியை ஒட்டியோ மேலேயோ காட்டும். அப்புறம், பின்மூடியைத் திறந்த வாட்சுக்கு பிரஷர் டெஸ்ட் (தண்ணீர் புகுமா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்களா என்று தெரியாமல் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், டயலில் எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும் சரி.